கண் திறந்த குதிரை

குருபோங் ஊர்ப் பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் அடித்துக்கொடுக்கும் உஷாராணிக்கு அன்று காலை தலைகால் புரியவில்லை. பட்டறை நடுவில் ஆள் உயரத்துக்கு இரும்புக் குதிரை நின்றது. அவளே அடித்தது. நியாலாஸ் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போக வேண்டியது. பழைய லோரியின் வில் பட்டைகளை உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்ததில் கால்கள். தோட்டத்தில் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டித் தேய்ந்த அரிவாள்களெல்லாம் பிடரி. வாலுக்கும் கடிவாளத்துக்கும் மோட்டார் சைக்கிள் சங்கிலி. அவள் அடித்த கேட்டுகளை ஜனங்கள் திறந்தார்கள், மூடினார்கள், அவ்வளவுதான். இந்தக் குதிரையாவது கோயில் வாசலில் நிற்க வேண்டும் என்பது அவளுடைய பேராசை.

குதிரையை ஏற்றிப்போக லோரி வர நேரமிருந்தது. கை சும்மா இருக்குமா? இரண்டு பேரிங் குண்டுகளைக் கண் குழியில் வைத்துப் பற்றவைத்துவிட்டாள். குதிரை அவளையே பார்த்தது. கரி அப்பிய முகத்தோடு அதைச் சுற்றி ஒரு குத்தாட்டம் போட்டாள் பாருங்கள், உலையே வெட்கப்பட்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் தலைவர் தம்புசாமி உள்ளே வந்தார்.

“ஐயையோ தங்கச்சி! கண்ண யாரு வெக்கச் சொன்னா? கோயில்ல பூச போட்டு, கண்ணாடி காட்டித்தானே தொறக்கணும்?”

அவளுக்குத் தெரியாதா என்ன? சந்தோஷத்தில் எல்லாம் பறந்துபோயிருந்தது.

“மொதல்ல யாரப் பாத்துச்சு?”

“என்னத்தான் அண்ணே.”

“நீ அப்ப என்னா செஞ்ச?”

“ஆடிக்கிட்டு இருந்தேன்.”

அப்போதுதான் லோரியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கிய அவள் புருஷன் காந்தன் குபீரென்று சிரித்தான். தம்புசாமி சிரிக்கவில்லை. பூசாரிக்கு போன் போட்டுக்கொண்டு ரோட்டில் இங்குமங்கும் நடந்தார். உஷாராணி வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். பூசாரியிடமிருந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை வந்தால் குதிரை மறுபடியும் பழைய இரும்புதான்.

தம்புசாமி திரும்பி வந்தார். “கண்ண மஞ்சத் துணியால கட்டு. கோயில் வர்ற வரைக்கும் வேற யாரையும் பாக்கக்கூடாதாம். உன்னயப் பாத்துருச்சில்ல, நீதான் கடிவாளம் புடிச்சுக் கூட்டியாரணும்.”

“லோரியிலயா அண்ணே?”

“பின்ன, நடந்தா வரும்? ஏறு லா!”

காந்தன் லோரியை ஓட்ட, திறந்த பின்பக்கத்தில் கடிவாளமும் கையுமாக அவள் நின்றாள். முகம் கழுவக்கூட விடவில்லை. கார்கள் ஹாரன் அடித்தன, மோட்டார்காரர்கள் கையசைத்தார்கள். சமிக்ஞை விளக்கில் பக்கத்து வேனிலிருந்த மலாய்க்கார அம்மா, யாருடைய குதிரை என்று கேட்டாள். “நான் செஞ்சது! நான்!” என்று தமிழிலேயே கத்தினாள் உஷாராணி. அந்த அம்மா என்ன புரிந்துகொண்டாளோ, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

கோயிலில் துணியை அவிழ்த்துக் கண்ணாடி காட்டி, பூசாரி சூடம் ஏற்றினார். உறுமி அதிர்ந்தது. ஜனங்கள் குதிரைக் காலில் பூப் போட முண்டியடித்தார்கள்.

“கடிவாளத்த வுடு தங்கச்சி, எங்கயும் ஓடிடாது” என்றார் தம்புசாமி.

விட மனசே இல்லாமல் விட்டாள். பிறகு எல்லாரையும்போல வரிசையில் நின்று, தான் அடித்த குதிரையின் காலில் விழுந்து கும்பிட்டாள். எழுந்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.