கேட்டு வாங்கிய புள்ளி

என் அம்மா கேட்டுக் கேட்டே என்னை வளர்த்தவள். யாங்கோனில் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டிலிருந்து எங்கே கிளம்பினாலும் பேருந்தில் எனக்கு இடம் கேட்பாள். ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் விடச் சொல்லிக் கேட்பாள். கோயிலில் பூசாரியிடம் இன்னொரு கரண்டி பொங்கல் கேட்பாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பாள். வாய் அவளுடையது, பிழைப்பு என்னுடையது. பர்மாக்காரர்களுக்கு 'ஆனாடே' என்று ஒரு கூச்சம் உண்டு, அடுத்தவர் முகம் சுருங்கும்படி இல்லை என்று சொல்ல வராது. அம்மா அதை நன்றாகவே புரிந்து வைத்திருந்தாள்.

சக்கர நாற்காலியில் பேட்மிண்டன் ஆடத் தொடங்கிய பிறகுதான், கேட்காமல் கிடைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. அடித்தால் புள்ளி, விட்டால் இல்லை. அங்கே அம்மாவுக்கு வேலையே கிடையாது.

அந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவள் ஒரு சீனாக்காரி. போனில் அவள் ஆட்டங்களைப் பார்த்த பழக்கம்தான். சின்ன வயதிலேயே கால்கள் போனவள். ஊர் ஊராகப் போய் பதக்கம் வாங்கினாள். தோளில் அறுவை சிகிச்சை ஆகி, இனி அவ்வளவுதான் என்று எல்லாரும் கைகழுவிய பிறகு திரும்பி வந்து மறுபடியும் வாங்கினாள். ஒரு போட்டியில் எதிராளியின் சக்கரம் பழுதாகிவிட்டது. சரிசெய்யும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். சரியானதும், அடுத்த பந்தையே அந்தப் பெண் எட்ட முடியாத மூலையில் வைத்தாள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பாவம் பார்க்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான் என்று எனக்கு அதில் புரிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவள் யாங்கோனுக்கு வந்தாள். உள்ளூர் ஆட்டக்காரிகளோடு காட்சி ஆட்டம், அதில் நானும் ஒருத்தி. ஜெயிப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. நானாக அடித்து எடுத்த ஒரே ஒரு புள்ளி போதும் என்றிருந்தேன்.

முதல் செட்டில் பூஜ்யம். முன்னும் பின்னுமாக என்னை விரட்டியடித்தாள். தொடையில் நாற்காலிப் பட்டை அறுத்தது, உள்ளங்கை எரிந்தது. ஆனால் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. அவள் முழு மூச்சோடு ஆடினாள், அதுவும் என்னோடு. சந்தோஷமாகவே இருந்தது.

இடைவேளையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணோம். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்தும் கையில் பருப்பு வடைப் பொட்டலமுமாக எதிர்ப்பக்கம் போய் நிற்கிறாள். சீனாக்காரியோடு வந்திருந்த மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் பர்மிய மொழியில், மரியாதைக்கு ஒரு 'சயாமா' போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "சயாமா, எம் மக பாவம், நடக்க முடியாத பொண்ணு. ஒன்னே ஒன்னு விட்டுக்கொடுக்கச் சொல்லுங்க" என்பதுதான் அந்தக் கெஞ்சல். யாரிடம் போய் இதைச் சொல்கிறாள்? என்னைப் போலவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளிடம்! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "அம்மா, இங்க வாம்மா!" என்று கத்தினேன். அதற்குள் அந்தப் பெண் மொழிபெயர்த்துவிட்டாள். சீனாக்காரி வடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சரியென்று தலையை ஆட்டினாள். சீனாவிலும் ஆனாடே உண்டுபோல.

இரண்டாவது செட்டின் நடுவில், தூக்கத்தில்கூட அடித்துவிடக்கூடிய ஒரு பந்தை அவள் கோட்டுக்கு வெளியே தட்டினாள். கூட்டம் எழுந்து கைதட்டியது. பலகையில் என் பக்கம் ஒன்று விழுந்தது. என் கை தானாக மேலே போயிற்று. சிரித்தேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் சிரித்தேன். அம்மா கேட்டதுகூடப் பெரிதில்லை, இந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

சீனாக்காரி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அதன் பிறகு பந்துகள் மெதுவாக வந்தன, குழந்தையின் மடியில் போடுவதுபோல. என்னோடு ஆடுவதை நிறுத்திவிட்டு எனக்கு விளையாட்டுக் காட்டத் தொடங்கிவிட்டாள். அவமானத்தில் அவற்றையும் வலையிலேயே அடித்துத் தொலைத்தேன். ஆட்டம் முடிந்து கைகொடுத்தபோது அவள் என் தோளைத் தட்டினாள். அந்தக் கையை உதறிவிடலாமா என்றிருந்தது.

திரும்பும் டாக்சியில் சண்டை பிடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் முன் சீட்டிலிருந்து டிரைவரிடம் ஆரம்பித்துவிட்டாள், சீனாவின் பெரிய ஆட்டக்காரியிடம் தன் மகள் ஒரு புள்ளி எடுத்த கதையை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அம்மா என் பக்கம் திரும்பி, அவருக்குப் புரியாதபடி தமிழில் சொன்னாள்:

"அடுத்த தடவ அவ வந்தாள்னா, ரெண்டு கேட்டுப் பாக்கறேன்டி."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.