நாலு சுற்று

முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். அலுமினியச் சருவச்சட்டிக்குள் அடங்காமல் வளைந்து கிடந்தது. மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி அக்காள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் மத்தியானம் அது. சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்த அக்காளும் அத்தானும் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். அக்காளின் நெற்றியில் திருநீறு கலையாமல் இருந்தது. சாக்கை விலக்கிப் பார்த்தவள், "ஏ யப்பா, உங்க அத்தானுக்கு விரால்னா உசிருலா" என்றாள். அத்தான் எங்கே என்று கேட்டேன். பையைக் கீழே வைத்ததும் காலைக்கூடக் கழுவாமல் குளத்தைப் பார்க்கப் போய்விட்டாராம். நான் சாக்கை மறுபடியும் இழுத்து மூடினேன். சட்டிக்குள் மீன் ஒரு துள்ளு துள்ளி முற்றமெல்லாம் சேறும் தண்ணீரும் தெறித்தது. அக்காள் சிரித்துக்கொண்டே அரிவாள்மணையை எடுக்க உள்ளே போனாள்.

எங்கள் ஊர் ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்கு ஒரு குளம், குளத்துக்கு ஒரு மடை. அந்த மடைக்கு அத்தான்தான் நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அவர் கையில். அறுப்புக் களத்தில் அளக்கும் நெல்தான் அவருக்குக் கூலி. மடையின் பலகையை ஏற்றி இறக்க ஒரு இரும்புச் சாவி உண்டு. உலக்கையில் பாதி நீளம், நல்ல கனம். வீட்டு நடையில் ஆணியடித்து அதைத் தொங்கவிட்டிருப்பார். பிள்ளைகள் தொட்டால்கூடப் பிடிக்காது. மனுஷன் குரல் உயர்த்திப் பேச மாட்டார், ஆனால் தண்ணீர் விஷயத்தில் அசைய மாட்டார். பெரிய பண்ணைக்காரர் வந்து நின்றாலும், "முறை வரட்டும் அண்ணாச்சி" என்று பைய சொல்லி அனுப்பிவிடுவார். ஊரில் அவரைத் திட்டாத ஆளும் இல்லை, நம்பாத ஆளும் இல்லை.

அந்த வருஷம் குளத்து மீனை நானும் என் கூட்டாளி ஒருவனும் குத்தகைக்கு எடுத்திருந்தோம். எனக்கு இருபத்தெட்டு வயது, உருப்படியான வேலை கிடையாது, வாய் மட்டும் ஏழூருக்கு இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கால்வாய் வழியாக மீன் ஏறும். தை, மாசியில் கொழுக்கும். பங்குனிக்கு மேல் தண்ணீர் வற்ற வற்ற வலைக்குள் வரும். சித்திரை கடைசியோடு குத்தகை முடிந்துவிடும். கெண்டையும் ஜிலேபியும் எப்போது வேண்டுமானாலும் வலையில் விழும், விரால் விழாது. நெஞ்சளவுத் தண்ணீரில் வலையை இழுத்தால் அது சேற்றுக்குள் தலையைச் செருகி, வலை தாண்டிப் போகும்வரை அசையாமல் கிடக்கும். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கினால்தான் அதன் ஆட்டம் முடியும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. கடைமடை வயல் அறுத்து முடிகிற வரைக்கும் மீன்காரன் மடைப்பக்கம் போகக் கூடாது. தண்ணீர் நெல்லுக்கு, மிச்சம்தான் மீனுக்கு. அந்த வருஷம் பிசானச் சாகுபடிக்குக் கடைமடையில் நடவு பிந்திவிட்டது. மேல்வயலெல்லாம் அறுத்து முடிந்தபோது அங்கே கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு நனைப்பு வேண்டும். குளத்தில் கிடந்த தண்ணீர் அதற்குத்தான் காணும்.

நான் அத்தானிடம் போய்க் கேட்டேன். கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போனதுதான் தப்பு. "ஒரு முழம் எறக்கிவிடுங்க அத்தான், யாருக்குத் தெரியப் போவுது" என்றேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தபடியே, "கடைமடை அறுக்காம ஒரு சொட்டு போவாது மாப்ள. நீ கேட்டாலும் இல்ல, எங்கப்பன் எந்திரிச்சு வந்து கேட்டாலும் இல்ல" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் கூட்டாளி, "அத்தான், அத்தான்னு பீத்துனியே, பாத்தேன்லா உன் மவுசை" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு முள்ளாகத் தைத்தது. ரோஷத்துக்கு மட்டும் என்னிடம் குறைவில்லை. வேறெதற்கும் இல்லாத ரோஷம்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஊரே காலியாகிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு சாஸ்தா, காட்டுக்குள்ளோ ஆற்றோரத்திலோ இருப்பார். சட்டி பானையோடு முதல் நாளே வண்டியேறிப் போய்ப் பொங்கல் வைத்து, உத்திரத்துக்கு மறுநாள்தான் திரும்புவார்கள். அத்தானின் சாஸ்தா வேறு, எங்கள் சாஸ்தா வேறு. மீனைக் காவல் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி நான் ஊரிலேயே நின்றுவிட்டேன். பசுவுக்குக் கூளமும் தண்ணியும் வைக்கச் சொல்லி அக்காள் வீட்டுச் சாவியை என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாள். அவர்கள் போன மறுநாள், உத்திரத்தன்று காலையிலேயே நடையில் தொங்கிய மடைச்சாவியை எடுத்தேன். பட்டப்பகல். கரையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. கூட்டாளியிடம்கூடச் சொல்லவில்லை. பலகையை ஏற்றியதும் தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது. சாயங்காலம் முழங்கால் அளவுக்கு வந்ததும் இறக்கினேன். பலகை இறங்கி இறங்கி ஓரிடத்தில் இறுகியது. முழுக்க மூடிவிட்டது என்று நினைத்து, சாவியைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினேன். அது மூடவில்லை. பழக்கமில்லாத கைக்கு இறுகினதாகத் தெரிந்தாலும், அதற்கு மேலும் நாலு சுற்றுத் திருக வேண்டியிருந்திருக்கிறது.

விடிந்ததும் குளத்தைப் பார்த்த கூட்டாளி, எப்படி வற்றியது என்றுகூடக் கேட்காமல் குதித்தான். நான் குதிக்கவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. மடைப்பக்கம் சன்னமாகச் சத்தம் கேட்டது. போய் மூடியிருக்கலாம். சாவியை எடுக்கப் போனால் இவன் பார்ப்பான், கேட்பான் என்ற பயம். விரால்கள் வேறு சேற்றில் புரண்டுகொண்டிருந்தன. கூடை கூடையாக அள்ளினோம். மேல்வயல்களின் வரப்பு வாயெல்லாம் அறுப்புக்காகத் திறந்து கிடந்தன. ஒரு ஆள் கூடவே போய் ஒவ்வொன்றாக அடைத்தால்தான் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும். ஆளில்லாமல் ஓடிய தண்ணீர் பாதி வழியிலேயே பரந்து ஓடையில் விழுந்துவிட்டது. பொறுக்கியதில் பெரிய விராலைத்தான் மத்தியானம் அக்காள் வீட்டுக்குக் கொண்டு போனேன். அவ்வளவு பெரிய துரோகத்தைச் செய்துவிட்டு மீனும் கொண்டு போயிருக்கிறேன் பாருங்கள்.

அத்தான் குளத்திலிருந்து வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். தன் வலது உள்ளங்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு சுத்து பாக்கி கிடந்துச்சு" என்றார் அக்காளிடம். "கெளம்புன அன்னைக்குப் பலகையை ஏத்திப் பாத்துட்டு எறக்குதப்ப, வண்டிக்கு நேரமாச்சுன்னு நீ கூப்பிட்ட அவசரத்துல விட்டுட்டேன் போலுக்கு." அக்காள் பதறிப்போனாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மறுநாள் அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த பெரியவர் என் பக்கம் கை நீட்டி, "மீன்காரன் சொகமா அள்ளியிருக்கான். மச்சினனுக்கு அத்தான் தொறந்து விட்டிருக்கான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே வே" என்றார். அத்தான் எழுந்து நின்றார். "என்னையச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். அவனைச் சொல்லாதீங்க. சாவி எங்க வீட்டு ஆணியிலதான் கிடந்துச்சு. வச்சது வச்ச மாதிரி கிடந்துச்சு. நாந்தான் சரியாத் திருகாம நாலு சுத்து பாக்கி விட்டுட்டேன். என் கை செஞ்ச தப்பு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பழி சுமத்தப்பட்ட நல்லவன் குனிகிறான் என்று சிலர் பரிதாபப்பட்டார்கள்.

கடைமடைக் கதிரெல்லாம் பதராகப் போனது. அத்தானிடமிருந்து சாவியை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அத்தான் திருநெல்வேலி டவுணில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். கடை சாத்தியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பார். சில நாள் மூன்றாம் தடவையும் போவார், கடைசி பஸ் போய்விடும். வீட்டில் குழாயை மூடிவிட்டுப் போய்ப் படுப்பார், எழுந்து வந்து மறுபடியும் திருகுவார். குழாய்களெல்லாம் மரை தேய்ந்து ஒழுக ஆரம்பித்தன. அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார், பசுவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவார். "என்ன அத்தான், கயித்துக்குப் பால் சுரக்குமா?" என்று ஒருநாள் நானே கேலி பண்ணினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அன்று வீட்டுக்குத் திரும்பி நான் பட்ட பாட்டை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை? முதல் வருஷம் ஊருக்குப் பயம். அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, மாமனார் வீட்டுக்குப் பயம். அப்புறம் பிள்ளைகள். அதற்கப்புறம், இத்தனை காலம் கழித்துச் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். ஆறப்போட்டால் ஆறிவிடும் என்று நம்புகிற சோம்பேறி நான். அத்தான் இழந்தது மடைவேலையை மட்டும் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். தன் கையைத் தானே நம்ப முடியாமல் போய்விட்டது அவருக்கு. ஒரு மனுஷனுக்கு அதைவிட என்ன கேடு வர முடியும்? முப்பது வருஷத்துக்கு மேல் அதை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் பங்குனியில் மீன் வாங்கி மூக்குமுட்டத் தின்றுகொண்டும் இருந்தேன்.

போன மாசம் அக்காள் போன் செய்தாள். கோயம்புத்தூரில் பேத்திக்குக் கல்யாணம், அத்தான் வர மாட்டேன் என்கிறாராம். "மூணு நாள் வீட்டைப் பூட்டிட்டு வரணும்லா. பூட்டுனேனா இல்லையான்னு அங்கன வந்து உசிரை விடுவேன், நீ போயிட்டு வான்னு சொல்லுதாவ. பெத்த பிள்ளையாட்டம் வளத்த பேத்திலே" என்று அழுதாள். அன்று சாயங்காலமே போனேன். அத்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன். வீட்டுச் சாவி, மடைச்சாவி, கூட்டாளியின் சிரிப்பு, இறுகிய பலகை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். "நாலு சுத்து பாக்கி விட்டது நான்தான் அத்தான். உங்க கை ஒரு தப்பும் செய்யல" என்று சொல்லி அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். "நாலு சுத்துன்னு ஊர்க்கூட்டத்துல நாந்தானலே சொன்னேன்" என்றார். "அதைக் கேட்டு வச்சுக்கிட்டு இப்பச் சொல்லுதே. என்னைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போவணும்னு பாக்கே. எனக்குத் தெரியாதா?" நான் சாமி சத்தியமாக என்றேன், என் பிள்ளைகள் மேல் சத்தியம் என்றேன். "பொய்க்குப் பிள்ளைகளை இழுக்காத மாப்ள" என்று என் வாயைப் பொத்தினார். என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? பார்த்த ஆள் கிடையாது. நான் சொல்லக்கூடியதையெல்லாம் அவரே அன்றைக்கு ஊர்முன் சொல்லி, தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். அக்காள் காப்பி கொண்டு வந்தாள். "உன் தம்பியைப் பாத்தியா, என் பழியைத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிடப் பாக்கான். கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று சொன்னார். அவர் கண் நிறைந்திருந்தது.

அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. அக்காள் வழியாக இந்தக் கதை எங்களுக்கு முன்னாலேயே கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது. மண்டபத்தில் சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்து, உன்னை மாதிரி ஒரு மச்சினன் யாருக்கு வாய்க்கும் என்றார்கள். தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழ மணமக்கள் வந்தார்கள். தாத்தா இடம் காலியாக இருக்கக் கூடாது என்று பேத்தியே என்னைக் கூப்பிட்டு அக்காளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டு பேரும் என் காலில் விழுந்தார்கள். குனிந்து திருநீறு பூசி, நல்லா இருங்க என்றேன்.