ஏற்றத்துக்குப் பச்சை, வற்றத்துக்குச் சிவப்பு

மலாக்கா பட்டணத்தில், முன்ஷி அப்துல்லா சாலையில், சைக்கிள் கடை ஒன்றுக்கு மேலே இருந்த மாடி அறையில்தான் பரமேஸ்வரன் கடலைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஜன்னலைத் திறந்தால் பஸ் புகையும் எதிர்வரிசைக் கடைகளின் தகரக் கூரைகளும்தான் தெரியும். ஆனால் அவன் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையில் நாள் முழுக்கத் தண்ணீர் ஏறும், இறங்கும். சில சமயம் விசைப்பலகையில் கை வைத்தபடியே கண்ணை மூடிக்கொள்வான். அப்போது கீழே போகும் லாரிகளின் இரைச்சல் அவன் காதுக்கு அலைபோலக் கேட்கும்.

கடல் மேல் அவனுக்கு இருந்தது பழைய ஆசை. பிறந்தது அலோர் காஜா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா வீரமுத்து குலை வெட்டுகிறவர். தோட்டத்துக்குள் காற்று வீசினால் மட்டைகள் எல்லாம் ஒன்றாக உரசிக்கொள்ளும். படுக்கையில் கிடந்து அதைக் கேட்கும்போது, வீட்டைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவதாகச் சின்ன வயதில் நினைத்துக்கொள்வான். பள்ளிக்கூடம் முடித்ததும் கப்பல் வேலைக்கு எழுதிப்போட்டான். கிள்ளானில் உடல் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வட்டப் புள்ளிகள். உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். பரமேஸ்வரனுக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் புள்ளிகள். அவர் கோபப்படவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, சிவப்பும் பச்சையும் உனக்குச் சரியாகத் தெரியாது, கப்பலில் விளக்கு பார்க்கிற வேலை உனக்கு ஆகாது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. ரம்புத்தான் மரத்தடியில் மற்ற பிள்ளைகள் தூரத்திலிருந்தே பழுத்துச் சிவந்த கொத்தைக் காட்டிக் கூவுவார்கள். அவனுக்கு மரம் முழுக்க இலையாகவே தெரியும். பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்துத்தான் பறிப்பான். மற்றவர்களும் அப்படித்தான் என்று அதுவரை நினைத்திருந்தான். வீட்டுக்கு வந்து, உயரம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றான். அம்மா சுசீலா அவன் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இதற்கு மேல் எவ்வளவுதான் வளர வேண்டுமாம் என்று முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. மோட்டார் லைசென்ஸ் எடுக்கப் போனால் அங்கேயும் வர்ணச் சோதனை உண்டென்று கேள்விப்பட்டு, எனக்கு பஸ்தான் பிடிக்கும் என்று சொல்லப் பழகிக்கொண்டான். பட்டணத்தில் கம்ப்யூட்டர் படித்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடுவது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அங்கே யாரும் அவனிடம் நிறம் கேட்கவில்லை.

மாடி அறையின் முதலாளி ஜார்ஜ், முன்பு கப்பல் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்த்தவர். கடற்கரையில் படகு வைத்திருப்பவர்களுக்கும் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் திரையில் காட்டுகிற ஒரு புரோகிராம் செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்கு ‘பாசாங் சூருட்’ என்று பெயர் வைத்தார். மலாயில் ஏற்றமும் வற்றமும் என்று பொருள். கணக்கு பரமேஸ்வரனுடையது. திரையின் அழகு பாட்ரீசியாவுடையது.

பாட்ரீசியா விளம்பரப் பலகை எழுதும் கடையிலிருந்து வந்தவள். நிறங்களோடு சிரித்துப் பேசுகிறவள். மணிக்கு ஒரு கட்டமாகத் திரையில் கட்டங்கள் நிற்கும். தண்ணீர் ஏறுகிற நேரத்துக்குப் பச்சை, வற்றுகிற நேரத்துக்குச் சிவப்பு. பரமேஸ்வரனுக்கு எல்லாக் கட்டங்களும் ஒரே ஈரமண் நிறத்தில் தெரிந்தன. கணக்கு அவனுடையதுதானே, எது எது என்று மனதில் தெரியும். அதனால் சமாளித்தான். ஒருமுறை பக்கத்துக் கடற்கரை ஊரான உம்பாயிலிருந்து மீன் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, சிவப்பு எந்த நேரத்தில் முடிகிறது என்று கேட்டார். பரமேஸ்வரன் லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

விண்டோஸ் 98 வந்த வருடம் அது. கோலாலம்பூர் கம்ப்யூட்டர் கடைகள் சில, சான்று முத்திரை உள்ள பெட்டிகளைத்தான் அலமாரியில் வைப்போம் என்றன. முத்திரை வேண்டுமென்றால் புரோகிராமை வெளிநாட்டுச் சோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவர்கள் அதை ஒரு விருந்தாளியைப் போலக் கவனிப்பார்கள். வீட்டுக்குள் எப்படி நுழைகிறது, அடுத்தவர் பொருளில் கை வைக்கிறதா, போகச் சொன்னால் கொண்டுவந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறதா, மவுஸ் பிடிக்க முடியாதவர் விசைகளாலேயே எல்லாம் செய்ய முடிகிறதா என்று பார்ப்பார்கள்.

ஜார்ஜ் புரோகிராமைப் பதிந்த வட்டை அட்டைக்குள் வைத்து அனுப்பினார். பாட்ரீசியா பெட்டியின் மேல் முத்திரைக்கு இடம் விட்டு வரைந்தும் வைத்துவிட்டாள்.

பதில் ஃபேக்ஸில் வந்தது. தேறவில்லை. நீக்கும்போது சில கோப்புகள் அங்கேயே தங்கிவிடுகின்றன என்றது ஒரு குறை. அதைப் பரமேஸ்வரன் வார முடிவுக்குள் சரிசெய்துவிட்டான். இன்னொரு குறைதான் யாருக்கும் பிடிபடவில்லை. பார்வை மங்கியவர்களுக்காக விண்டோஸில் ஒரு ஏற்பாடு உண்டு. அதை முடுக்கினால் திரை முழுக்கக் கறுப்பாகி எழுத்தெல்லாம் வெள்ளையாகிவிடும். எந்தப் புரோகிராமும் தன் நிறங்களை விட்டுவிட்டு அதற்குக் கட்டுப்பட வேண்டும். பாசாங் சூருட் கட்டுப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

பரமேஸ்வரன் நிரலை மாற்றினான். பாட்ரீசியா தன் மேசையில் உட்கார்ந்து மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். திரை இருண்டது. கட்டங்கள் எல்லாம் ஒன்றுபோல வெள்ளையாக எழுந்து நின்றன. அவள் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு பின்னுக்குச் சாய்ந்தாள்.

“பரமு, இங்க வந்து பாருங்க. எது ஏறுது, எது எறங்குதுன்னே தெரியலலா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

அவன் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். மதிய வெயில் திரையில் பட்டு நழுவிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அவன் மட்டும் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை இன்னொருவர் பார்க்கிறார். சொல்ல வேண்டும் என்று அவன் முடிவு செய்யவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“எனக்கு எப்பவும் இப்படித்தான் தெரியும், பாட்ரீசியா.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி அந்த விசைகளை அழுத்தினாள். நிறங்கள் திரும்பி வந்தன.

“இப்ப?”

“இப்பவும் அதேதான்.”

சைக்கிள் கடையில் யாரோ மணியடித்துப் பார்க்கும் சத்தம் மேலே வந்தது. பாட்ரீசியா திரையில் தன் பச்சைக் கட்டம் ஒன்றின் மேல் விரலை வைத்தாள். மாதக்கணக்காக அந்தப் பச்சையை மாற்றி மாற்றிக் காட்டி, இது நல்லாயிருக்கா, அது நல்லாயிருக்கா என்று அவனைக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் நல்லாயிருக்கு என்றே சொல்லியிருக்கிறான். அது ஞாபகம் வந்து அவளுக்கு முதலில் கோபம் வந்தது. திரும்பி, அவன் கை நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் கோபம் எங்கோ போய்விட்டது.

ஜார்ஜிடம் அவனே போய்ச் சொன்னான். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உம்பாய்க்காரர் போன் செய்த அன்றைக்கு லைன் சரியில்லை என்றது இதற்காகத்தானா என்று கேட்டார். அவன் தலையசைத்தான். அந்த மனுஷன் இன்னும் நம் டெலிபோனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது.

அந்த வார முடிவில் பாட்ரீசியா அவனை உம்பாய்க்குக் கூட்டிப்போனாள். மீன் சுடும் கடைகள் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் வற்றி வெகுதூரம் சேறு தெரிந்தது. வானத்தில் ஒரு பக்கம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவள் வரைபடத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். சூரியன் இருக்கிற இடம் பழைய தேன் மாதிரி இருக்கிறது. அதைச் சுற்றி மேகம் இருட்டாக, கரி தேய்த்த மாதிரி இருக்கிறது. சேறு பளபளப்பாக இருக்கிறது, தண்ணீர் அதைவிடக் கொஞ்சம் மங்கல். நீங்கள் எல்லோரும் சிவப்பு என்கிறீர்களே, அது எனக்கு நிறமாகத் தெரியாது, ஒரு நிழல் மாதிரி என்றான். ஆனால் சேற்றில் தண்ணீர் விட்டுப்போன வரிகள் எல்லாம் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தன. எந்த வரி எந்தப் பக்கம் வளைகிறது என்று கை நீட்டிச் சொன்னான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் சொல்லும்வரை அந்த வரிகளை அவள் கவனிக்கவே இல்லை.

“நான் வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்லா,” என்றாள்.

அந்தத் தாளில் அவள் வரைந்ததுதான் புதிய திரை. ஏறுகிற நேரத்துக் கட்டத்துக்குள் மேல்நோக்கிய சின்னக் கூர்முனைகள், வற்றுகிற நேரத்துக்குச் சேற்று வரிபோல வளைந்த கோடுகள். நிறமும் இருந்தது, ஆனால் நிறம் போய்விட்டாலும் சேதி போகாது. பட்டணத்துக்குத் திரும்பி அதைத் திரையில் ஏற்றினார்கள். பரமேஸ்வரன் கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன என்றான். அவள் தள்ளி வைத்தாள். கூர்முனை கறுப்புத் திரையில் தொலைகிறது என்றான். அவள் தடிப்பாக்கினாள். முன்புபோல எல்லாவற்றுக்கும் நல்லாயிருக்கு என்று அவன் சொல்லாததில் அவளுக்கு எரிச்சலும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

இரண்டாம் தடவை அனுப்பினார்கள். மழைக்காலம் வந்தது. சைக்கிள் கடை வாசலில் தண்ணீர் தேங்கி வடிந்தது. ஒரு காலை ஜார்ஜ் ஃபேக்ஸ் தாளைக் கையில் பிடித்தபடி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கீழே போனார். திரும்பி வந்தபோது கையில் மூன்று பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ் இருந்தது. பசியாறிவிட்டு வேலையைப் பார்ப்போம் என்றார். தேறிவிட்டது என்று அதிலிருந்துதான் தெரிந்தது. பெட்டிகள் கோலாலம்பூருக்குப் போயின. பிரமாதமாக விற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் நின்றுபோகாமல் விற்றது.

பரமேஸ்வரன் ஒரு பெட்டியைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தான். முத்திரை எதற்காக என்று விளக்கும்போது கண் விஷயத்தையும், கிள்ளானில் நடந்ததையும் சொன்னான். சுசீலா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் முகம் மெல்ல மாறியது.

“அப்ப எங்க அண்ணனுக்கும் இதுதான் இருந்துச்சோ?”

அவளுடைய அண்ணன் சாமிக்கண்ணுவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவரும் குலை வெட்டினவர்தான். பழுத்துச் சிவந்ததை விட்டுவிட்டுக் காயை வெட்டிப்போடுவார். வேண்டுமென்றே செய்கிறான், குடித்துவிட்டு வருகிறான் என்று கங்காணி ஆட்கள் முன்னால் வைத்து ஏசினார். வீரமுத்துகூட மச்சானுக்காக வாய் திறக்கவில்லை. ஒருநாள் சாமிக்கண்ணு துணிப்பையோடு போனவர், திரும்பி வரவில்லை. கோலா சுங்கை பாருவில் மீனவர்களோடு இருப்பதாக எப்போதோ ஒரு சேதி மட்டும் வந்தது. இது தாய்வழியில் வருவது என்று பரமேஸ்வரன் படித்திருந்தான். அதைச் சொன்னதும் அம்மா அழுதாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்ரீசியா தன் காடியை ஓட்ட, அம்மாவும் பிள்ளையும் அவளோடு கோலா சுங்கை பாருவுக்குப் போனார்கள். பரமேஸ்வரனுக்கும் பாட்ரீசியாவுக்கும் கல்யாணம் என்று மழைக்காலத்திலேயே பேச்சாகியிருந்தது. கோயிலா சர்ச்சா என்ற வழக்கு மட்டும் முடியாமல் நீண்டுகொண்டிருந்தது. விசாரித்ததும் படகுத்துறையைக் காட்டினார்கள். நரைத்த தாடியோடு ஒருவர் படகின் பக்கவாட்டில் சாயம் பூசிக்கொண்டிருந்தார். சுசீலா தூரத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து போய், அவருக்கு முன்னால் நின்று, “அண்ணே, உன் மேல தப்பு இல்லண்ணே,” என்றாள்.

அவருக்கு அது புரிய வெகுநேரம் ஆயிற்று. பரமேஸ்வரன் சொல்லச் சொல்லக் கேட்டார். ஒரு தடவை, கங்காணி இன்னும் இருக்கிறாரா என்று கேட்டார். செத்துப்போய்விட்டார் என்றாள் சுசீலா. சரி என்பதுபோலத் தலையசைத்தார். தங்கையின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். சாயம் அவள் விரலில் ஒட்டியது.

காற்று ஈரமாக வீசியது. பேச்சை வேறு பக்கம் திருப்ப நினைத்தவர்போல, சாமிக்கண்ணு படகைக் காட்டி மருமகனிடம் கேட்டார்.

“நல்ல சாம்பல் கலர்தானே, தம்பி? கடல்ல கண்ண உறுத்தாது.”

“நல்ல சாம்பல், மாமா,” என்றான் பரமேஸ்வரன். அவனுக்கு உண்மையிலேயே மேகம்போல மென்மையான சாம்பலாகத்தான் அது தெரிந்தது.

பாட்ரீசியா அந்தப் படகைப் பார்த்தாள். பன்னீர் ரோஜா நிறத்தில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. துறையில் இருந்த மற்றப் படகுக்காரர்கள் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், கீழே கிடந்த இன்னொரு தூரிகையை எடுத்துச் சாயத்தில் தோய்த்தாள். பெரியவர் பூசாமல் விட்டிருந்த பின்பக்கத்திலிருந்து பூசத் தொடங்கினாள்.