அழுத்தம் இடம் மாறும்

அந்த எவர்சில்வர் ஸ்கேலின் விளிம்பு அக்காவின் விரல் முட்டிகளில் விழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓர் அசைக்கு ஓர் அடி. தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் கல்லூரி படித்த நான், பேகம்பூர் பக்கம் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். மச்சான் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். அக்காவும் ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தன் பெண்டாட்டி நாலு பேர் முன்னால் உச்சரிப்பில் உளறினால் தன் மானம் போய்விடும் என்பது மச்சானின் பயம்.

இரண்டு சொல் சேர்ந்து வரும் பெயரடைகளில்தான் அக்கா தடுமாறினாள். ‘கைண்ட்-ஹார்ட்டட்’ என்பதில் கடைசி ‘டட்’ தனி அசை. ‘பேட்-டெம்பர்ட்’ என்பதில் கடைசி ‘ட்’ தனியாக நிற்காது. அவள் ‘டெம்பரெட்’ என்று நீட்டுவாள், ஸ்கேல் இறங்கும். அந்தச் சொல்லோடு வாக்கியம் முடிந்தால் அழுத்தம் ‘டெம்’மில். பின்னால் ‘மேன்’ என்று பெயர்ச்சொல் வந்தால் அழுத்தம் ‘பேட்’டுக்குத் தாவிவிடும். அதைத் தவறவிட்டால் கன்னத்தில் அறை. நான் பக்கத்து அறையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மாதிரி வகுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் மச்சான் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார். நான் ஓடி வந்தபோது உதடு கிழிந்து, முன்பல் ஒன்று அவள் உள்ளங்கையில் கிடந்தது. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு, நிதானமாக, ஓர் அசைகூடப் பிசகாமல், “யூ ஆர் எ பேட்-டெம்பர்ட் மேன்” என்றாள். அழுத்தம் சரியாக ‘பேட்’டில் விழுந்தது. அவர் ஸ்கேலை ஓங்கினார். அதைப் பிடுங்கி அவர் முகத்தில் எத்தனை தரம் அடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. அக்காதான் என் கையைப் பிடித்தாள்.

“போதும் அப்பு. நீயும் அந்த ஆளா ஆயிறாத. போய் ஆட்டோ பிடி, நான் வாரேன்.”

மறுநாள் வீங்கிய வாயோடு வகுப்பெடுத்தாள். அந்த வேலை கிடைக்கவில்லை. குஜிலியம்பாறையில் அம்மாவோடு இருந்து மேலே படித்து, வேறொரு பள்ளியில் சேர்ந்தாள். மச்சான் ஒருமுறை கூப்பிட வந்தார், புருவத்தில் நான் போட்ட தழும்போடு. அவள் கதவைத் திறக்கவில்லை.

இப்போது பத்தாம் வகுப்புக்கு அதே விதியை அக்கா நடத்துகிறாள். மச்சான் சொல்லித் தந்ததில் ஒரு தப்பும் கிடையாது. அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை. இம்புட்டுத் தெளிவாக உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, டீச்சர், என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்.

“நானாப் படிச்சேன்” என்றாளாம் அக்கா.