எங்கள் வயல் கேட்காத தண்ணீர்

ஒரு மோட்டாருக்குப் பணப்பை எதற்கு என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது பத்தாம்பசலித்தனமாகப் பட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டே விளக்கினேன்.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று பணம் கொடுத்துக்கொள்ள வழி செய்வதுதான் எங்கள் வேலை. மண்ணில் நட்ட சென்சார் ‘காய்ந்துவிட்டது’ என்று சொன்னால் மோட்டார் ஓடும். வயல்காரரின் வாலட்டிலிருந்து மோட்டாரின் வாலட்டுக்கு, பைசாவிலும் சிறிய துணுக்குகளாகப் பணம் போய்க்கொண்டே இருக்கும். பணம் போகிறவரை வால்வு திறந்திருக்கும். ஒவ்வொரு துணுக்கும் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் ஏறிவிடும். ஏறியதை யாரும் அழிக்க முடியாது. ‘இங்கே யாரும் யாரையும் நம்பத் தேவையில்லை’ என்று கம்பெனி விளம்பரத்தில் ஒரு வரி வரும். அதை எழுதிக் கொடுத்தது நான்தான்.

சோதித்துப் பார்க்க நிஜமான வயல் வேண்டும் என்றார்கள். எங்கள் போர்வெல்லைக் கொடுத்தேன்.

போர் வாய்க்கால் கரையோரம் இருக்கிறது. அதை ஒட்டிய மேல்வயலும் ஒரு காலத்தில் எங்களுடையதுதான். அண்ணனின் படிப்புக்காக அப்பா அதை விற்றபோது போர் இருந்த மூலையை மட்டும் வைத்துக்கொண்டார். வாங்கியவர் சர்ச் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. பள்ளியில் அப்பாவிடம் படித்தவர். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். எங்களுக்கு மிச்சமிருப்பது அவர் வயலுக்குக் கீழே உள்ள வயல். ஆற்றுத் தண்ணீர் நின்றதும் அக்கா எங்கள் மோட்டாரைப் போட்டுத் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்வார். பிறகு வரப்பில் உள்ள மடையைத் திறந்து எங்கள் வயலுக்கும் விடுவார். அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்குவார். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எனக்கு அது கணக்கு வழக்கில்லாத ஏற்பாடாகத் தெரிந்தது.

மோட்டாரையும் வால்வையும் இயக்கும் கம்பெனிப் பெட்டியை மாட்டிய அன்று அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றார். அவர் வயலின் மேட்டுப் பக்கத்தில் ஒரு சென்சார், எங்கள் வயலில் ஒன்று. அவர் போனில் வாலட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

“இனிமே நீங்க எதையும் தொட வேண்டாம்க்கா. எல்லாம் அதுவே பாத்துக்கும்.”

“மடையைக்கூடவா?”

“மடையைக்கூடத்தான். திறந்தது திறந்தபடி இருக்கட்டும். நீங்க கைய வச்சா டேட்டா கெட்டுப்போயிடும்.”

“சரி தாயே, தொடல,” என்று சிரித்தார். வாத்தியார் மகள் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டார்.

பிப்ரவரியில் மேட்டூர் அணையை மூடியிருந்தார்கள். தாமதமாக நட்ட சம்பா அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் தப்பினால் கதிர் பதராகிவிடும். அக்கா வளையலை அடகு வைத்துப் பயிர் செய்திருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

முதலீட்டாளர்களோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வயலின் வரைபடத்தைக் காட்டி, “இந்த வயல் இதுவரை ஒரு லிட்டர்கூடக் கேட்கவில்லை, பாருங்கள். எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று இயந்திரத்துக்குத் தெரியும்,” என்று அளந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா.

“தண்ணி நின்னுடுச்சும்மா. மேட்டுப் பக்கம் இன்னும் ஏறவே இல்ல.”

“வாலட்ல காசு தீர்ந்திருக்கும்க்கா. போட்டுடுங்க, அதுவா திறந்துக்கும்.”

“போன வாரம்தானே போட்டேன்? அவரு அனுப்புற வரைக்கும் கையில இல்லையேம்மா. கொஞ்சம் திறந்து விடேன்.”

“அப்படித் திறக்க முடியாதுக்கா. அது சிஸ்டம். மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்.”

திறக்க முடியாது என்று சொன்னேனே, அது பொய். பெட்டியின் சாவி என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. கையால் திறந்தால் சோதனை பாழாகிவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக அது ஒன்றைத்தான் நினைத்தேன். அப்புறம் பேசவும் இல்லை.

கம்பெனிக்குப் படம் எடுத்து அனுப்புவதற்காக மறுவாரம் வயலுக்குப் போனேன். எங்கள் வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பயிர் கரும்பச்சையாக இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம், அக்காவின் மேட்டில், கதிர்கள் வெளுத்து விறைப்பாக நின்றன. ஒன்றை உருவிப் பார்த்தேன். உமிதான் இருந்தது.

அங்கேயே நின்று திறந்து கிடந்த மடையைப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதலில் மடையை அடைத்தால்தான் தண்ணீர் தேங்கி மேட்டுக்கு ஏறும். திறந்தே வைக்கச் சொன்னது நான். தண்ணீர் பள்ளத்தோடு ஓடி எங்கள் வயலில் இறங்கியது. மேட்டில் இருந்த சென்சார் காய்ந்துவிட்டது, காய்ந்துவிட்டது என்று கத்திக்கொண்டே இருக்க, அக்காவின் வாலட் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் வயல் ஏன் கேட்கும்? கேட்காமலே வயிறு நிறையக் குடித்துக்கொண்டிருந்ததே. அதைத்தான் நான் வரைபடம் போட்டுக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நேராகத் தையல் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அக்கா மெஷினை நிறுத்தவில்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும்மா. எங்க காசுல உங்க வயல் குளிச்சிருச்சு.”

“அப்ப ஏன்க்கா மடையை அடைக்கல?”

“தொடாதேன்னு சொன்னியே. போர் உங்களுது. தண்ணி உங்க வயலுக்குப் போகுது. நான் பாட்டுக்கு அடைச்சா, உங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?”

எங்கள் வயல் குடித்ததற்கான பணத்தை அங்கேயே நின்று அனுப்பினேன். “சரி, வந்துருச்சு,” என்றார். போய்விட்ட பாலை அந்தப் பணம் கதிருக்குத் திரும்பக் கொண்டுவருமா? அன்று மாலையே பெட்டியைக் கழற்றினேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அறுவடை இயந்திரம் வந்தபோது அக்காவின் மேட்டுப் பக்கத்துக்கு அது போகவே இல்லை. அங்கே மாடுகளை அவிழ்த்துவிட்டார். எங்கள் வயலிலோ அந்த வருஷம் நல்ல விளைச்சல். களத்தில் காய்ந்த நெல்லைப் பார்க்கப் பிடிக்காமல் நான் மாடியிலேயே கிடந்தேன்.

ஒரு காலையில் வாசலில் மொபெட் வந்து நிற்கும் சத்தம் கேட்டு இறங்கி வந்தேன். அக்கா. பின்னால் ஒரு நெல் மூட்டை கட்டியிருந்தது.

அப்பா பதறி எழுந்தார். “என்னம்மா இது? தண்ணிக்குக் காசைப் பெட்டி உங்கிட்ட முன்னாலயே வாங்கிடுச்சு. உனக்கே விளையல. கொண்டு போம்மா.”

“வருஷா வருஷம் குடுக்கறதுதானே சார்.” அக்கா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். “இந்த வருஷம் வரலேன்னா ஊர்ல ஏன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது? வாத்தியார் வீட்டைப் பத்தி அப்படியெல்லாம் பேச்சு வரக்கூடாது.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“பாத்துக்கிட்டே நிக்கிறியே, ஒரு கை குடும்மா,” என்றார் அக்கா.

மறுமுனையைப் பிடித்தேன். இந்த வருஷம் கொஞ்சமாவது குறைத்திருப்பார் என்று நினைத்துத்தான் தூக்கினேன். எப்போதும்போல முழு மூட்டை.