தேசங்கா மறந்த சாவி

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் தேசங்கா தன் புருஷன் வீதோமிரை ரத்தம் சுத்திகரிக்க சாயெச்சார் நகர ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவாள். நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை. வண்டி, பின்பக்கம் இன்ஜின் வைத்த பழைய ஃபீச்சோ என்னும் குட்டிக் கார். அது கிளம்பாவிட்டால் அவன் உயிருக்கு உத்தரவாதமில்லை.

ஈரம் பட்டால், இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் அதன் பாயிண்ட் முரண்டு பிடிக்கும். நெசவாலையில் முப்பது வருஷம் தறியோடு மல்லுக்கட்டியவள், நகம் தேய்க்கும் அரத்தால் அதைத் தேய்த்து, திட்டிக்கொண்டே கிளப்பிவிடுவாள். இதைக் கேள்விப்பட்ட கொழுந்தன் ஜார்கோ, வியன்னாவிலிருந்து வந்தபோது எலக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றை வாங்கி வந்து பாயிண்டுக்குப் பதிலாக மாட்டினான். தேய்மானம் கிடையாதாம். ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னான்: இன்ஜின் நின்றிருக்கும்போது சாவியைத் திருப்பியே வைத்திருக்கக்கூடாது, அது வெந்துபோகும். தேசங்கா தலையாட்டினாள். கழற்றிய பாயிண்டைப் புகையிலை டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்தாள். எதையும் தூக்கியெறிந்து அவளுக்குப் பழக்கமில்லை.

அந்தக் குளிர்காலம் ஜனவரி முடியும்வரை வண்டி ஒரு நாளும் முனகவில்லை.

பிப்ரவரியில் பனி சாலையை அடைத்தது. வியாழன் முறை தப்பிப்போயிற்று. சனிக்கிழமை காலை, பனி அள்ளும் வண்டியின் பின்னாலேயே கிளம்பினாள். வீதோமிரின் முகம் ஊதியிருந்தது, மூச்சு இரைத்தது. உச்சி வளைவில், சாய்ந்து கிடந்த பைன் மரத்தை அறுக்க முன்வண்டி நின்றது. அவள் இன்ஜினை நிறுத்தினாள். சாலைச் செய்தி கேட்கச் சாவியை மறுபடி திருப்பி ரேடியோவைப் போட்டாள். ஃபீச்சோக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். ஸ்டார்ட் பண்ணத் தனிப் பிடி இருப்பதால், சாவி ரேடியோவுக்கென்றே இருப்பதாக நினைப்பு.

முக்கால் மணி கழித்து வழி திறந்தது. முன்வண்டி வளைவைத் தாண்டி மறைந்தது. பிடியை இழுத்தாள். இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி இழுத்தாள். அப்போதுதான் சாவி கண்ணில் பட்டது. வெடுக்கென்று திருப்பி அணைத்தாள்.

“குளிருக்குச் செத்திருக்கும்” என்றான் வீதோமிர், ஆறுதலாக.

“குளிர் இல்ல, நான்தான் கொன்னேன். நீ பேசாத, மூச்சை மிச்சம் புடி.”

பின் மூடியைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த வெந்த சாமானைப் பிடுங்கினாள். டப்பாவிலிருந்த பழைய பாயிண்டை உட்கார வைக்கும்போது விரைத்த விரலிலிருந்து திருகாணி நழுவிப் பனிக்குள் விழுந்தது. மண்டியிட்டு, கையுறை இல்லாமல் துழாவினாள். உள்ளே இருமல் சத்தம். இருமல் நின்றதும் இன்னும் பயந்தாள். “உயிரோட இருக்கியா?” என்று கத்தினாள். ஜன்னலில் அவன் விரலால் தட்டினான். பத்தாவது அள்ளலில் திருகாணி கிடைத்தது. பாயிண்டின் இடைவெளியை அளக்கத் தகடு இல்லை. அவனுடைய மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து நடுவில் கொடுத்து முறுக்கினாள். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் தும்மிப் பற்றியது. அவள் அழுதுகொண்டேதான் ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அன்று அவனை ஆறு மணி நேரம் வைத்திருந்தார்கள். பிழைத்தான்.

மறுநாள், நடந்ததைக் கேள்விப்பட்டு ஜார்கோ போன் செய்தான், புதுசு ஒன்று அனுப்புவதாக. இத்தனை நாளும் அது ஒழுங்காகத்தானே ஓடியது, தப்பு அதனுடையது இல்லையே என்றான்.

“என் தப்புதான், ஜார்கோ. இனிமே மறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ண எனக்குத் தைரியமில்ல. நான் தப்புப் பண்ணாலும் பழைய பாயிண்டை என் கையாலயே மாட்டிச் சரி பண்ண முடிஞ்சுது, அதனாலதான் உங்க அண்ணன் இப்ப சூப்பு குடிச்சிட்டிருக்கான். அனுப்பாதே.”