ஒண்ணா, ரெண்டா?

குமிழைத் திருகினார். கிட்டார்த் தந்தியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். திருகியதில் பாதியைத் திருப்பித் திருகினார். மறுபடியும் தட்டினார்.

"இது ஒண்ணு... இது ரெண்டு. எது தேவலாம்? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"கொஞ்சம் காதைக் குடுத்துக் கேட்டுச் சொல்லேன்."

"குடுக்கிறதுக்குக் காது மிச்சம் இல்லைங்க."

இவர் எங்கள் மேல்வீட்டுக்காரர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறார்; சாயங்காலமானால் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். தடித்த நாலு தந்திகளை வைத்துக்கொண்டு, மேடையின் ஓரத்தில் நின்று தும் தும் என்று வாசிப்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். யாருமே பார்ப்பதில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை.

கடையின் உள்ளே ஓர் இருட்டு அறை. வருகிறவர்களின் மூக்கின் மேல் கனத்த சட்டத்தை மாட்டி, லென்ஸ் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது ஒண்ணு, இது ரெண்டு, எது தெளிவு?" என்று நாளெல்லாம் கேட்கிறார். வீட்டுக்கு வந்தும் அந்த வாய் ஓய்வதில்லை. சட்டை எடுத்தால் ஒண்ணா ரெண்டா, காபிக்குச் சர்க்கரை போட்டால் ஒண்ணா ரெண்டா. எங்கள் குடியிருப்பில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவருக்கும் அது தெரியும். கூப்பிட்டால் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்ப்பார்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கதவில் மாறி மாறி நடக்கும். வரிசையில் நின்றால் இடுப்புப் பட்டையில் நடக்கும். பேசிக்கொண்டே இருக்கையில் முழங்கால் ஆட ஆரம்பிக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் கால் ஆடத் தொடங்கிவிடும். ஒரு நாற்காலியில் அவர் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டதே சண்டையில்தான், அதாவது சண்டை போடப் போய். என் அலமாரியில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் சாயங்காலமானால் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிணுகிணுத்தன. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வரிந்துகட்டிக்கொண்டு மாடியேறினேன். கதவைத் திறந்தவர், நான் சொன்னதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டார்.

"அங்க கேக்குதா சார்? எப்படிக் கேக்குது? உருண்டையா வருதா, இல்ல கரகரன்னு வருதா?"

மனைவியிடம் கிட்டாரைக் கொடுத்து ஒரே தந்தியைத் தட்டிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்கு இறங்கி வந்து என் சுவரிலேயே காதை வைத்தார். பிறகு மேலே ஓடினார். தரையிலிருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மூலையிலிருந்து இழுத்து, கால்மிதி விரித்த நாற்காலியில் ஏற்றினார். தம்ளர்கள் வாயை மூடிக்கொண்டன.

"பெட்டியைத் தரையில வெச்சா தரையே ஸ்பீக்கர் ஆயிடும் சார். மூலையில வெச்சா இன்னும் மோசம், குடத்துக்குள்ள பேசின மாதிரி குமுறும். ஒண்ணு சொல்றேன், வாசிக்கிறவன் பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு தன் சத்தத்தை எடை போடவே கூடாது. தூரச் சுவத்துக்கிட்ட போய்க் கேக்கணும். கடைசி வரிசையிலதான் நிஜம் தெரியும்."

கொண்டு போன சண்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து கேட்காமலே எனக்குப் பாடம் நடக்கிறது. ஓங்கி அடித்தால் சத்தம் பெருகாது, தந்திதான் மரத்தில் மோதிச் சடசடக்கும். பெட்டியில் ஒலியைக் கூட்டிக்கொண்டு விரலால் மெல்லத் தொட வேண்டும். ஒலி இழுபட்டுக்கொண்டே போனால், தந்திகளின் அடிக்கட்டைப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைச் செருகினால் அடங்கும். வாசித்து முடித்ததும் கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். மறந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி சும்மாவே செத்துப்போகும். எனக்குக் கிட்டாரைப் பிடிக்கக்கூடத் தெரியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

பழைய தந்தி மழுங்கிப்போனால் அவர் புதிது வாங்க ஓடுவதில்லை, வேக வைக்கிறார். தந்திகளைச் சுருட்டிக் கொதிக்கும் வெந்நீரில் போட்டால் இடுக்குகளில் ஏறிய விரல் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் கழன்று, கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று பேசும். இதில் பொய்யில்லை, நானே கேட்டேன். ஆனால் வேக வைத்தது பால் காய்ச்சும் பாத்திரத்தில். அவர் மனைவி அதை என் முன்னாலேயே தூக்கி அவர் மடியில் வைத்தார். "இனிமே இது உங்க பாத்திரம். இதுலயே சாப்பிடுங்க."

அந்த அம்மாளின் வேலையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நிறுவனத்தின் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் இருக்கிறார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, "புரியுதுங்க, புரியுதுங்க" என்பது உத்தியோகம். "நாள் பூரா காதுலதான் பொழப்பு. வீட்டுக்கு வந்தா காதுக்கு லீவு" என்பார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருமுறை என் கண்ணைப் பரிசோதிக்க அந்த இருட்டு அறைக்குப் போனேன். அங்கே அவர் வேறு ஆள். முழங்கால் ஆடவில்லை. அவசரமில்லாமல் சில்லுகளை மாற்றினார். ஒரு கட்டத்தில், "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றேன். உடனே நிறுத்திவிட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். ரெண்டும் ஒண்ணுன்னு எப்ப சொல்றாங்களோ, அதுதான் சரியான இடம். அதுக்கு மேல மாத்துனா கெடுக்கிறதுதான்."

"வீட்ல அவங்களும் தினம் அதைத்தானே சொல்றாங்க? அங்க மட்டும் ஏன் நிறுத்த மாட்டேங்கறீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் கையிலிருந்த சில்லைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "அவ காதுல வாங்காமலே சொல்றா சார்" என்றார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

அவர் வாசிக்கும் குழுவை நடத்துகிறவர் அவருடைய மச்சினன், அந்த அம்மாளின் தம்பி. டயர் கடை வைத்திருக்கிறார், டிரம் வாசிக்கிறார். இரண்டிலும் அடிதான். போன நிகழ்ச்சியில் பாட்டு நடுவே நம்மவருக்குத் தன் ஒலி பிடிக்காமல் போயிற்று. வாசிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பெட்டியிடம் போய்க் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார். பேஸ் எடுத்துக்கொடுக்க வேண்டிய இடம் வந்து, போயே போய்விட்டது. பாடிக்கொண்டிருந்த பெண் திறந்த வாயோடு நின்றாள். மறுநாள் மச்சினன் வீடேறி வந்து சொன்னது என் வீடு வரை கேட்டது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை பாட்டு நடுவுல கை அங்க போச்சுன்னா, நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன். அக்கா புருஷன்னெல்லாம் பார்க்க முடியாது."

அதன் பிறகு என்னிடம் வந்த நம்மவரின் முழங்கால் வழக்கத்தைவிட வேகமாக ஆடியது. "இதையும் விட்டா எனக்கு அந்த இருட்டு ரூம் மட்டும்தான் சார்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அதனால் ஒரு காரியம் செய்தார். தன் அறையில் தனியாக உட்கார்ந்து, ஒண்ணா ரெண்டா என்று சுவரையே கேட்டு, குமிழ்களை ஓர் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் கடையிலிருந்து கொண்டுவந்த வெள்ளை டேப்பை ஒட்டிவிட்டார். இனி கை போனாலும் டேப் தடுக்குமாம். எனக்கும் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

அடுத்த நிகழ்ச்சி ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில். என்னையும் அழைத்திருந்தார்; அந்த அம்மாளும் வந்தார். "தம்பி இவரைக் கழட்டி விட்டா அப்புறம் வீட்ல என்னைத்தான் நாள் பூரா கேள்வி கேப்பாரு" என்று காரணம் சொல்லிக்கொண்டு, என் பக்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தார். மேலாளரின் உரை நீண்டுகொண்டே போனதில், குழு ஒலியைச் சோதித்துப் பார்க்க நேரமில்லாமல் போயிற்று. நேராக மேடையேறி ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆரம்பித்ததுமே புரிந்துவிட்டது. பேஸ் வரவேயில்லை. அடுத்த தெருவில் லாரி ஒன்று இன்ஜினை நிறுத்தாமல் நிற்பதுபோல ஒரு முனகல் மட்டும் வந்தது. வீட்டில் அவர் நடுவொலியைக் குறைத்து அடியொலியை ஏற்றி வைத்திருந்தார். தனியாகக் கேட்கும்போது அது தேனாக இருக்கும். நடுவொலியை ஏற்றினால் மூக்கடைத்தவர் பேசுவதுபோல இருக்கும். ஆனால் பக்கத்தில் டிரம் வந்துவிட்டால் அடியொலியை அது விழுங்கிவிடும், காதுக்கு எட்டுவது அந்த மூக்கு மட்டும்தான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தெரிந்திருந்தும், பயத்தில் தனியாக உட்கார்ந்து டேப்பை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வாசித்துக்கொண்டே பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார். கால் மாற்றி மாற்றி நின்றார். நெற்றி வியர்த்துக் கண்ணாடி மூக்கில் சரிந்தது. அதை ஏற்றிவிடக்கூடக் கையை எடுக்கவில்லை. ஒரு கையைத் தந்தியிலிருந்து எடுத்தால் அது நேரே குமிழுக்குத்தான் போகும் என்று அவருக்கே தெரியும் போலிருக்கிறது. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பாதிப் பாட்டில் அந்த அம்மாள் எழுந்தார். கைப்பையை என் மடியில் போட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே பின்பக்கம் நடந்தார். மேடையிலிருந்து அவர் அதைப் பார்த்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. இந்த ஒரு நாள்கூடவா உட்கார்ந்து கேட்கக் கூடாது என்று எனக்குக் கோபமே வந்தது. ஆனாலும் அந்த மனிதர் விரலை நிறுத்தவில்லை. பாட்டைக் கடைசி வரை வாசித்தார். ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் திரும்பி, நடுவொலிக் குமிழின் டேப்பை உரித்துச் சட்டைப் பையின் மேல் ஒட்டிக்கொண்டு, குமிழில் கை வைத்தார். அடுத்த பாட்டுக்குக் குச்சிகளைத் தூக்கியிருந்த மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமா, வேணாம்!" என்றார். கை அப்படியே நின்றது.

அப்போதுதான் கூடத்தின் கடைசியிலிருந்து அந்தக் குரல் வந்தது. புகார்க்காரர்களிடம் பேசிப் பேசித் தெளிந்த குரல்.

"என்னங்க! ஒண்ணு போடுங்க!"

எல்லாத் தலைகளும் திரும்பின. கடைசி வரிசைக்கும் அப்பால், தூரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அந்த அம்மாள் நின்றிருந்தார். கண்ணை மூடியிருந்தார். எனக்குச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கடைசி வரிசைப் பாடத்தை நம்மவர் வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ! காதுக்கு லீவு என்று சொன்னவர் அதையெல்லாம் கேட்டுத்தான் வைத்திருக்கிறார்.

மேடையில் இவர் சரிந்த கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இது ஒண்ணு" என்று சொல்லித் தட்டினார். குமிழைத் திருகினார். "இது ரெண்டு."

"ரெண்டு!"

மறுபடி திருகினார். மறுபடியும் ரெண்டு. கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. மச்சினன் அக்காவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டார். அவரும் காலால் பெரிய டிரம்மில் ஓர் அடி கொடுத்துத் துணை செய்தார். அந்த அடிக்கு மேலே பேஸ், கொஞ்சம் மூக்கடைத்த குரலில், ஆனால் தனியாக, தெளிவாக, முதல் தடவையாகக் கேட்டது. என் முதுகு நிமிர்ந்தது.

"இது ஒண்ணு... இது ரெண்டு."

அந்த அம்மாள் தலையைச் சாய்த்தார். கூடமே அவரோடு சேர்ந்து தலையைச் சாய்த்துக் காத்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்!"

மேடையில் இவருடைய விரல்கள் இன்னும் குமிழின் மேலேயே இருந்தன. சற்று நேரம் இருந்தன. பிறகு, சட்டைப் பையின் மேல் ஒட்டி வைத்திருந்த அந்த வெள்ளை டேப்பை எடுத்துக் குமிழின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.